சிவப்புத் துணி கட்டாத வீடு

ஜனவரி 8

வேலை கிடைத்துவிட்டது. ஈப்போவுக்கு வெளியே ஒரு சீனக் கம்பத்தில், அதாவது சீனர்கள் வாழும் கிராமத்தில், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை. சீனர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் எவ்வளவு இருக்கின்றன என்று ஓர் ஆராய்ச்சி. அதை நடத்துபவர் டாக்டர் யாப், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நேர்முகத்தில் என் விண்ணப்பத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"கோகிலவாணி, உங்களுக்கு காண்டனீஸ் நிஜமாவே வருமா?"

அவருடைய சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருப்பதைக் காண்டனீஸிலேயே சொன்னேன். அதோடு நேர்முகம் முடிந்தது.

எங்கள் வீட்டுக்கு எதிரே சீனப்பள்ளி இருந்தது. தமிழ்ப்பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பாவுக்குச் சோம்பல், எனக்குச் சீனம். டாக்டர் யாப் ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவர். அவருக்கும் காண்டனீஸ் வரும், ஆனால் நொண்டி நொண்டி வரும். சம்பளம் சுமார்தான். பெட்ரோலுக்குத் தனியாகத் தருகிறார்களாம்.

புவனா போன் செய்தாள். "இந்த நேரத்துல எதுக்குக்கா வேலை?" என்றாள். தங்கைகளுக்கு அக்காள்மார்கள் எப்போதும் அழுதுகொண்டே இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஜனவரி 15

பொங்கல் வைக்கவில்லை. வருஷம் திரும்பவில்லையே. பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பியதை ஐஸ்பெட்டியில் வைத்தேன். நெஞ்சில் வாயு அடைக்கிறது. ஓமத் தண்ணீர் குடித்தேன்.

ஜனவரி 17

பயிற்சி. டாக்டர் யாப் சொன்னது: "கவலையா இருக்கீங்களான்னு நேரா கேட்டா, எங்க ஆளுங்க இல்லைன்னுதான் சொல்வாங்க. தூக்கம் வருதா, பசிக்குதா, நெஞ்சு அடைக்குதா, தலை கனக்குதான்னு கேளுங்க. துக்கம் வாயில வராது, உடம்புலதான் வரும்."

எனக்கு இது கொஞ்சம் அதிகமாகப்பட்டது. நெஞ்சு அடைத்தால் உடனே மனசா? எனக்கும்தான் அடைக்கிறது. கிளினிக்கில் போய் ஈசிஜி எடுத்தேன், கோலம் போட்டதுபோல் ஒழுங்காக இருக்கிறது. வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

கேள்வித்தாளில் கூட்டுப்புள்ளி ஓர் அளவைத் தாண்டினால் அந்த ஆளை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தாண்டாவிட்டால் நன்றி சொல்லி ஒரு துண்டு கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். குளிக்கப் பயன்படும் துண்டு, மலிவானதுதான், ஆனால் நல்ல பச்சை.

ஜனவரி 25

தைப்பூசம். புவனா குடும்பத்தோடு குனோங் சீரோ முருகன் கோயிலுக்குப் போனாள். நான் கோயிலுக்குப் போகக் கூடாது. காலையிலிருந்து அடுப்புத் திட்டைத் தேய்த்தேன். அவருடைய மருந்து டப்பாக்கள் வைத்திருந்த அலமாரியைத் திறந்தேன், மூடினேன். அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 31

வேலை நகரவில்லை. சீனப் பெருநாள் நெருங்குகிறது. கம்பத்தில் எல்லாரும் வீடு கழுவுகிறார்கள், வர்ணம் அடிக்கிறார்கள். கதவைத் தட்டினால் தூரிகையோடு வந்து, "அப்புறம் வா, ஆ மோய்" என்கிறார்கள். நாற்பத்தாறு வயதில் என்னை ஆ மோய் என்று, அதாவது சின்னப் பெண்ணே என்று கூப்பிடுவது இந்தக் கம்பத்தில் மட்டும்தான்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெருநாள் நாட்களில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், நல்ல மனநிலையில் இருப்பார்கள், யார் வந்தாலும் உட்காரச் சொல்வார்கள். அப்போது போனால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். டாக்டர் யாப் பினாங்குக்கு, தாய் வீட்டுக்கு, போகிறார். இதற்கெல்லாம் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

பெருநாளின் பதினைந்து நாளும் சீனர்கள் என்னென்ன செய்யமாட்டார்கள் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். முதல் நாள் பெருக்கமாட்டார்கள், கெட்ட பேச்சு பேசமாட்டார்கள், பீங்கான் உடைந்தால் உடனே நல்ல வார்த்தை சொல்லிச் சமாளிப்பார்கள். துடைப்பத்துக்கும் என் கேள்வித்தாளுக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டில் உட்கார்ந்து பட்டாசுச் சத்தம் கேட்பதைவிட இது மேல்.

பிப்ரவரி 10

பெருநாள். இரவெல்லாம் பட்டாசு. எப்படியும் நான் தூங்குவதில்லை.

பிப்ரவரி 12

வேலை பறக்கிறது! கம்பம் முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு வாசலிலும் நிலைக்கு மேலே சிவப்புத் துணி, நடுவில் பட்டுப் பூ. எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், பிஸ்கோத்து கொடுத்தார்கள். தூக்கம் வருதா? நல்லா வருது. பசிக்குதா? ரொம்ப! அழுகை வருதா? சே சே. சாகலாம்னு தோணுதா? இதற்கு ஒரு கிழவர் மேசையை மூன்று முறை தட்டி, "நல்லதையே பேசு" என்றார். எல்லாத் தாளிலும் பூஜ்யம். இவ்வளவு சந்தோஷமான ஊரில் எதற்கு ஆராய்ச்சி என்று தெரியவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் ஜோடி ஆரஞ்சு நீட்டினார்கள், சிவப்பு உறையில் பணம் வைத்த அங்பாவ் நீட்டினார்கள். ஆராய்ச்சி விதி அனுமதிக்காது என்று சொல்லி மறுத்தேன். அப்படி ஒரு விதியும் கிடையாது. துக்க வருஷத்தில் மங்கலமாகக் கொடுப்பதை எப்படி வாங்குவது?

பிப்ரவரி 13

இன்று கடைசி வரிசையில் லியோங் ஆன்ட்டி வீடு. வயது அறுபத்தெட்டு. முன்பு ரப்பர் பால் வெட்டியவர், கை இன்னும் இரும்பு. அங்கிள் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேச ஆரம்பித்ததும் சத்தத்தைக் கூட்டினார். அதனால் பின்கட்டில், சமையலறையில் உட்கார்ந்தோம்.

அந்த வீட்டு வாசலில் சிவப்புத் துணி இல்லை. கிறிஸ்துவர்களோ என்று பார்த்தால் சாமி மாடம் இருந்தது. வாங்க முடியவில்லையோ என்னவோ. ஆரஞ்சும் கொடுக்கவில்லை. வெறும் வேர்க்கடலையும் வெந்நீரும் வைத்தார். மறுக்க வேண்டிய வேலை மிச்சம். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளைத் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள்.

"பசியாறிட்டியா, ஆ மோய்?"

"ஆச்சு, ஆன்ட்டி."

"பொய். முகத்துல தெரியுது. கடலையத் தின்னு."

கவலை? இல்லை. அழுகை? இல்லை. கடந்த ஒரு வருஷத்தில் வீட்டில் யாருக்காவது துக்கம் காத்தீர்களா? கொஞ்சம் யோசித்து, "இல்ல, காக்கல" என்றார். தூக்கம் மட்டும் வரவில்லையாம், வாய் கசக்கிறதாம், நெஞ்சில் கல் வைத்ததுபோல் இருக்கிறதாம். பல கிளினிக்குக்குப் போய்விட்டார். கூட்டிப் பார்த்தேன், அளவைத் தாண்டவில்லை. பச்சைத் துண்டு கொடுத்தேன்.

கிளம்பும்போது ஒரு பிஸ்கோத்து டின்னைத் திறந்து காட்டினார். நிறைய மாத்திரை, எல்லாம் பிரிக்காமல். "எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. இதுல எது தூக்கத்துக்கு?" என்றார். என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடந்த காலத்திலிருந்து எனக்கு மருந்துப் பெயர்கள் அத்துப்படி. தூக்க மாத்திரைகளைப் பொறுக்கித் தனியாக வைத்துக் கொடுத்தேன். ராத்திரிக்கு ஒன்றுதான் என்று சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டினார்.

ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

பிப்ரவரி 16

புவனா வந்தாள். ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது பொங்கலுக்குக் கொடுத்த பொங்கலா?" என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன். அவள் அழுதாள். ஒரு கிண்ணம் பொங்கலுக்கு இவ்வளவு அழுகையா?

பிப்ரவரி 19

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் டாக்டர் யாப் திரும்பி வந்தார். தாள்களைப் பெருமையோடு அடுக்கி வைத்தேன். ஐந்தாறு புரட்டினார், சிரித்தார். இன்னும் நாலு புரட்டினார், சிரிப்பு நின்றது.

"இதெல்லாம் எப்ப எடுத்தீங்க?"

"பெருநாள்ல. எல்லாரும் வீட்ல இருந்தாங்க."

"கோகிலா! இந்தப் பதினஞ்சு நாளும் எங்கம்மா கிட்ட பக்கத்து வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டா, அவர் செத்தே போயிருந்தாலும் வெளியூர் போயிருக்கார்னுதான் சொல்வாங்க. நோய், அழுகை, சாவு, எதையும் வாயில எடுக்க மாட்டாங்க. எடுத்தா வருஷம் பூரா அதுதான் நடக்கும்."

எல்லாம் வீண். பதினைந்தாம் நாள் கழித்து மறுபடியும் முதலிலிருந்து போக வேண்டும். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டாக்டர் திட்டவில்லை. "நான் சொல்லியிருக்கணும், என் தப்பும்தான்" என்றார். அப்புறம் ஒரு தாளை எடுத்தார்.

"இவங்க மட்டும் தூக்கமில்ல, நெஞ்சு கனக்குதுன்னு சொல்லியிருக்காங்களே. பெருநாள்லயே இப்படிச் சொன்னாங்களா?"

லியோங் ஆன்ட்டி. நான் அந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். துணி இல்லை, ஆரஞ்சு இல்லை.

"அப்போ அது சாவு வீடு. யார் செத்தது?"

"நான் கேட்டேன் டாக்டர். யாருக்கும் துக்கம் காக்கலன்னுதான் சொன்னாங்க."

"வேற என்ன பார்த்தீங்க?"

டின்னைப் பற்றிச் சொன்னேன். தூக்க மாத்திரைகளை நானே பொறுக்கிக் கொடுத்ததையும் சொன்னேன். சொல்லும்போதே அதன் அர்த்தம் எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த வீட்டு எண்ணுக்குப் போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை. "நீங்க முதல்ல கிளம்புங்க. நான் வார்டுல சொல்லிட்டுப் பின்னாலேயே வர்றேன்."

எப்படிக் காரோட்டினேன் என்று ஞாபகம் இல்லை. வாசல் கிரில் பூட்டியிருந்தது. உள்ளே டிவி சத்தம் கேட்டது. கூப்பிட்டேன், யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் புதுச் சட்டையோடு எட்டிப் பார்த்தார்.

"இந்த வீட்ல யார் ஆன்ட்டி இறந்தது?"

அவர் முகம் மாறியது. "பதினஞ்சாம் நாள் போகட்டும், ஆ மோய். அப்புறமா வா, எல்லாம் சொல்றேன்." சொல்லிவிட்டு இரண்டு ஆரஞ்சைக் கம்பி வழியாக நீட்டினார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வேண்டாம் என்றேன். "அன்னிக்கும் நீ வாங்கல" என்று முணுமுணுத்தார்.

பின்சந்து வழியாக ஓடினேன். சாக்கடையைத் தாண்டும்போது செருப்பு ஒன்று விழுந்துவிட்டது. சமையலறைக் கதவு திறந்திருந்தது. லியோங் ஆன்ட்டி முக்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தார்.

"ஒத்தக் கால்ல செருப்பு எங்க?" என்று கேட்டார்.

நான் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, வாயு" என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்கும் வாயுதான்." பூண்டுத் தோலை ஊதினார். "உங்க வீட்ல யாரு?"

"என்ன ஆன்ட்டி?"

"ஊர்ல ஒரு வீட்லயும் நீ ஆரஞ்சு வாங்கலையாம். ஆராய்ச்சி விதின்னு சொன்னியாம். கவர்மெண்டு ஆளுங்களே வாங்குறாங்க, உனக்கு மட்டும் என்ன விதி? நீ துக்கத்துல இருக்க. யாரு?"

"என் வீட்டுக்காரர்." அவ்வளவுதான் வாயில் வந்தது. கொஞ்ச நேரம் நானும் ஒரு பூண்டை எடுத்து உரித்தேன்.

அப்புறம் அவர் பேசினார். பின்சந்தைப் பார்த்தபடியே பேசினார். மகன் பெயர் ஆ கியோங். இருபத்தொன்பது வயது. கம்பார் சாலையில் லாரி மோதியது, போன நவம்பரில். அவர்கள் வழக்கப்படி நரைத்த தலை கறுத்த தலைக்கு வணங்கக் கூடாது. பெற்றவர்கள் பிள்ளையை வழியனுப்பப் போகக் கூடாது, துக்கத் துணி அணியக் கூடாது. கூடத்திலிருந்து அவனைக் கொண்டுபோகும்போது ஆன்ட்டியை இந்தச் சமையலறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறார்.

"பெத்தவங்க பிள்ளைக்குத் துக்கம் காக்கிறதில்ல. நீ துக்கம் காத்தீங்களான்னு கேட்ட. காக்கலன்னு சொன்னேன். பொய் சொல்லல."

"சிவப்புத் துணி?"

"கட்டக் கூடாதுன்னு விதி இல்ல. கிழவர் கட்டினார். நான் அவுத்துப் போட்டேன். அதுலேருந்து அவர் என்கூடப் பேசுறதில்ல, டிவி கூடத்தான் பேசுறார்."

டின் அடுப்பு மேலே இருந்தது. என் கேள்வித்தாளில் கடைசியாக ஒரு கேள்வி உண்டு. பெருநாளில் அதை நான் பஸ் நடத்துனர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல் வேகமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். இப்போது தாளில்லாமல் கேட்டேன். "ஆன்ட்டி, செத்துப்போயிடலாம்னு நினைச்சீங்களா?"

உரித்த பூண்டை எல்லாம் கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"பதினஞ்சாம் நாள் முடியட்டும்னு இருந்தேன். பெருநாள்ல செத்தா கம்பத்துக்கே கெடுதல். இவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

இதை அவர் சாதாரணமாகச் சொன்னார், மீன் நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பதுபோல. எழுந்துபோய் டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அது இருக்கட்டும்" என்றார். "தரமாட்டேன்" என்றேன். வயதில் மூத்தவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. அவர் கையை நீட்டினார், நான் டின்னை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். "எனக்கு இங்க வேற யாரையும் தெரியாது ஆன்ட்டி. நீங்களும் போயிட்டா நான் எங்க வர்றது?" என்று சொன்னேன். அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. யோசித்துச் சொன்னதில்லை.

அவர் கையை மடக்கிக்கொண்டார்.

டாக்டர் யாப் வந்து வாசலில் கூப்பிட்டபோது டிவி சத்தம் நின்றது. அங்கிள் கிரிலைத் திறந்து அவரை உள்ளே கூட்டிவந்தார். டாக்டர் தன் நொண்டிக் காண்டனீஸில் தரையில் உட்கார்ந்து பேசினார். தப்பான இடத்தில் எல்லாம் ஆன்ட்டி அவரைத் திருத்தினார். கடைசியில், "சரி, வர்றேன்" என்றார். மாற்றுத்துணியோடு என் பச்சைத் துண்டையும் பையில் வைத்தார்.

அங்கிள் காரில் ஏறும்போது என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "அவன் பேரை நான் சொன்னா அவ உடைஞ்சிடுவான்னு நினைச்சேன்."

பிப்ரவரி 21

வார்டில் ஆன்ட்டி தூங்கிக்கொண்டிருந்தார். அங்கிள் பிளாஸ்கோடு பக்கத்தில். பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார். பாதி நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், வேலை ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவருடைய மருந்து அலமாரியைக் காலி செய்தேன்.

பிப்ரவரி 24

பதினைந்தாம் நாள். நேற்று ஆன்ட்டியை வீட்டுக்கு அனுப்பினார்கள், மாத்திரை அங்கிள் பொறுப்பு. இன்று மாலை யாரோ கேட்டைத் தட்டினார்கள். ஆன்ட்டியும் அங்கிளும்! அங்கிள் ஓட்டி வந்தது தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஆ கியோங்கின் மோட்டார் சைக்கிளை. போலீஸ் பார்த்திருந்தால் வார் அறுந்த அந்தப் பழைய தலைக்கவசத்துக்கே பிடித்திருப்பார்கள்.

"துக்க வீட்டுக்காரங்க பெருநாள்ல அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாதுதான்" என்றார் ஆன்ட்டி, செருப்பைக் கழற்றியபடி. "ஆனா உன் வீட்டுக்கும் எவனும் வரமாட்டான், என் வீட்டுக்கும் எவனும் வரமாட்டான். நாம ரெண்டு பேரும் போய்வந்துக்கலாம், யாருக்கும் கெடுதல் இல்ல."

தோசை ஊற்றினேன். அடுப்பு பற்றவைத்து வெகு நாளாயிற்று, லைட்டர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அங்கிள் ஆறு சாப்பிட்டார். ஆன்ட்டி கூடத்தில் என் வீட்டுக்காரர் படத்தின் முன்னால் நின்று, "நல்ல மூக்கு" என்றார். ஆமாம், நல்ல மூக்குத்தான். நான் இரண்டு தோசை சாப்பிட்டேன். புவனாவிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 28

மருத்துவமனை. ஆன்ட்டிக்கு டாக்டரைப் பார்க்க முதல் தவணை. அங்கிள் வண்டி நிறுத்த இடம் தேடப் போயிருந்தார், நான் துணைக்கு நின்றேன். பதிவு முகப்பில் இருந்த நர்ஸ், மிஸ்ஸி என்போம், ஆன்ட்டியின் அட்டையைச் சரிபார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க கூட வந்தவங்களா?" என்று மலாயில் கேட்டார்.

"இவளும் நோயாளிதான்" என்றார் ஆன்ட்டி. அவருடைய மலாய் அவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"உங்களுக்கு என்ன செய்யுது?" என்றார் மிஸ்ஸி.

வாயு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் புருஷன் செத்துட்டார்" என்றேன். "ஜூலையில செத்துட்டார். அதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

மிஸ்ஸி தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டு அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டு பேரையும் போய் உட்காரச் சொன்னார்.

முறை வரச் சுணங்கியது. ஆன்ட்டி பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தார். பாதியைப் பிய்த்து என் பக்கம் நீட்டினார். பெருநாள்தான் முடிந்துவிட்டதே. வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல புளிப்பு.